ஒரு தட்டு தட்டினால் ஓடும்

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ஒச்சாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் அடி வாங்கியவர்கள். மீதிப்பேர் அவன் அடித்ததைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள். காமயகவுண்டன்பட்டிக்காரன். விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதை ஏறுவான். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வந்து விடுவான். இடைப்பட்ட நேரத்தில் எவனாவது ஒருத்தன் அவனிடம் வாயைக் கொடுப்பான். வரிசையில் முந்தி ஆள் ஏற்றினான் என்று ஒருவனை இழுத்துப்போட்டு மிதித்திருக்கிறான். முறைத்துப் பார்த்தான் என்பதற்காகத் திராட்சை லோடு ஏற்ற வந்த ஒருவனின் முன்பல்லைப் பெயர்த்திருக்கிறான். அந்த ஆள் மாறுகண்ணன், பாவம், முறைக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒச்சாண்டி வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

அவனுக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஜீப்புதான். பழைய ஜீப். மழைக்காலத்தில் சாவியைத் திருகினால் செல்ப் மோட்டார் 'டக்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒச்சாண்டி வீல் ஸ்பேனரோடு இறங்குவான். அடியில் கையை விட்டு மோட்டார் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டுவான். மறுபடி திருகினால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். மெட்டு ஏறுகிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம்தான் அது. மற்றவர்கள் அதை ஜீப்போடு நிறுத்திக்கொண்டார்கள். இவன் நிறுத்திக்கொள்ளவில்லை. நின்றுபோனது எதுவாக இருந்தாலும், எதிர்த்துப் பேசியது யாராக இருந்தாலும், ஒரு தட்டு தட்டினால் ஓடும் என்று நம்பிவிட்டான்.

வீட்டிலும் அப்படித்தான். இதை ஸ்டாண்டுக் கதை போலச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. மொக்கம்மாள் அவனுக்கு அத்தை மகள். குழம்பு ஆறிப்போனதற்கு அடித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததற்கு அடித்தான், சொன்னதற்கும் அடித்தான். கடைசியாக ஒருநாள் கதவு இடுக்கில் அவள் கையை வைத்து அழுத்தினான். மணிக்கட்டு எலும்பு முறிகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. முறிந்த கையை முந்தானையில் தூக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஆண்டிபட்டியில் இருக்கும் தன் அண்ணன் வேல்பாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருசத்துக்கு மேல் திரும்பி வரவில்லை.

ஆள் இல்லாத வீட்டில் ஒச்சாண்டி அடிப்பதற்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. அதையும் அடித்துப் பார்த்தான். பிறகு வெட்கத்தை விட்டு ஆண்டிபட்டிக்குப் போய், மச்சான் வீட்டு வாசலில் நின்றான். கோயிலுக்கு வா, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன், இனி உன் மேல் கை வைக்கமாட்டேன் என்றான்.

"சூடமெல்லாம் வேணாம் மாமா," என்றாள் மொக்கம்மாள். "எம்மேல கை வைக்க மாட்டேன்னு நீ சொல்றது எனக்குப் போதாது. எவன் மேலயும் வைக்கக் கூடாது. ஸ்டாண்டுல ஒருத்தன அடிச்சிட்டு வந்த கையோடதான் நீ வீட்டுக்குள்ள நொழைவ. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு மேல ஒங்கை பட்டுச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே ஆண்டிபட்டி பஸ்ஸு. அதுக்கப்புறம் நீ வந்து நின்னாலும் சரி, விழுந்து கெடந்தாலும் சரி, வரமாட்டேன்."

அவன் ஒத்துக்கொண்டான். ஜீப்பை விற்கவேண்டும், ஸ்டாண்டை விடவேண்டும் என்றாள். அதற்கும் ஒத்துக்கொண்டான். தன் அப்பா வழியில் வந்த திராட்சைத் தோட்டப் பங்கை அவள் விற்றாள். இருவருமாகச் சேர்ந்து, ஏழு பேர் உட்காரும் புதுக்காரை, மஞ்சள் போர்டு போட்டு, அவள் பெயரிலேயே எடுத்தார்கள். தேனி அல்லிநகரம் பக்கம் பைபாஸில் இருக்கும் ஷோரூமில், மாலை போட்டுப் போட்டோ எடுத்து, பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். "மூணு வருசத்துக்கு எது போனாலும் கம்பெனி பாத்துக்கும் அண்ணே, வாரண்டி இருக்கு," என்றான் சர்வீஸ் ஆளான ஜாஸ்பர். சிரித்த முகத்துக்காரன்.

ஒச்சாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அது அவன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை. கம்பம் சிக்னலில் பைக்கில் வந்த ஒரு பயல் புதுக்காரின் பக்கவாட்டில் நீளமாகக் கீறிவிட்டு, "பாத்து ஓட்ட மாட்டியா பெருசு," என்று கேட்டபோது, ஒச்சாண்டி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். நெற்றி நரம்பு வெடித்துவிடும்போல் இருந்தது. பயல் போகும்வரைக்கும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஸ்டாண்டுப் பழைய ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு, ஒச்சாண்டிக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மொக்கம்மாள் அன்று ராத்திரி அவனுக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அதுவரை எட்ட நின்றுதான் பரிமாறுவாள்.

கார் முதல்தடவை நின்றது கம்பமெட்டு வளைவில். உள்ளே ஏலத்தோட்டத்துப் பெண்கள். செங்குத்தான திருப்பத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. ஸ்டியரிங் இறுகிப்போனது. பிரேக் கல்லாகிவிட்டது, இரண்டு காலாலும் மிதித்தாலும் அமுங்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பெண்கள் கத்திய கத்தலில் காது அடைத்தது. ஒச்சாண்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கிவிடுவதுபோல இழுத்தான். கார் ஒருபக்கமாகத் திரும்பி, பின்பக்கம் போய் ஓரத்துக் கல்சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். முத்துப்பேச்சி என்கிற பெண்ணின் நெற்றி ஜன்னல் கண்ணாடியில் மோதிப் பிளந்து, ரத்தம் மூக்கு வழியாக இறங்கிச் சேலையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

அவளுக்குத் துண்டைக் கட்டிவிட்டு அவன் பானெட்டைத் திறந்தான். ஜீப்பில் எல்லாம் வெளியே தெரியும். இதில் எல்லாவற்றையும் கறுப்பு மூடி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எங்கே என்ன இருக்கிறது என்று புரியவில்லை. கை மட்டும் பழகிய இடத்தைத் தேடிப் போனது. உள்ளே உருண்டையாக ஒரு இரும்பு தட்டுப்பட்டது. செல்ப் மோட்டார் இதுதான் என்று முடிவு செய்தான். வீல் ஸ்பேனரை எடுத்து ஓங்கி ஒரு தட்டு. சாவியைத் திருகினான். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"ஏலே, நீயும் நம்ம பயதானா!" என்று சிரித்தான். பாவி மனுசன். சூடு ஆறியதால்தான் அது ஸ்டார்ட் ஆனது, அவன் தட்டாமல் நின்றிருந்தாலும் ஆகியிருக்கும். அதை அவனுக்கு யார் சொல்வது? அதற்குப் பிறகு மெட்டில் நின்றபோதெல்லாம் இறங்கித் தட்டினான். தட்டியபோதெல்லாம் அது கிளம்பியது.

ஆனாலும் இது சரியில்லை என்று தெரியாத ஆள் இல்லை அவன். அந்த வாரமே தேனிக்குக் கொண்டுபோனான். ஜாஸ்பர் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, வயரைச் சொருகி, கம்ப்யூட்டரையும் பார்த்தான்.

"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டலயேண்ணே."

"மேடு ஏறுனாத்தான் தம்பி நிக்கிது. இங்கன நின்னா அதுவும் நல்லபிள்ளையாட்டம் ஓடும். எங்கூட மெட்டுக்கு வா, காட்டுறேன்."

"அம்புட்டுத் தூரமெல்லாம் டெஸ்ட் டிரைவ் போக விடமாட்டாகண்ணே."

பைபாஸின் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டினார்கள். கார் வெண்ணெய்போல ஓடியது. சாப்ட்வேர் ஏற்றியிருக்கிறோம் என்று சொல்லி, நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். மறுவாரம் அதே வளைவில் நின்றது. மறுபடி தேனி. சென்சார் மாற்றினோம் என்றார்கள். மறுபடி மெட்டில் நின்றது. ஒவ்வொரு தடவையும் காரைக் கழுவுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. அப்படி ஒரு சுத்தமான காரை நம்பி ஏறப் பெண்கள் பயந்தார்கள். நெற்றித் தழும்போடு முத்துப்பேச்சி நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஒன் வண்டில ஏறிச் சாகறதுக்கு நடந்தே மெட்டு ஏறிருவேன்ணே." ஒச்சாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கடைசியில் ஒருநாள் உத்தமபாளையம் தாண்டிச் சமதளத்திலேயே கார் நின்றது. தட்டினான். மறுபடியும் தட்டினான். வெறி பிடித்ததுபோல் தட்டிக்கொண்டே இருந்தான், கை வலித்ததுதான் மிச்சம். கட்டி இழுத்துக்கொண்டு போய் ஷோரூமில் விட்டான். சில நாள் கழித்து, ஓனரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று போன் வந்தது.

மேனேஜர் ஆதித்தனுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை. ஒச்சாண்டியையும் மொக்கம்மாளையும் உட்காரச் சொன்னார். மேஜைமேல் இருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். கழற்றி வைத்த ஒரு இரும்புச் சாமானின் படம். அதன் முதுகெல்லாம் குழிகுழியாக நசுங்கியிருந்தது.

"இத யார் அடிச்சது?"

"நான்தான் சார் தட்டுனேன்," என்றான் ஒச்சாண்டி. மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை. "செல்ப் எடுக்கலன்னா ஒரு தட்டு தட்டுனா எடுத்துரும்ல, அதான்."

கதவோரம் நின்றிருந்த சர்வீஸ் பையன்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"இது செல்ப் மோட்டாரே இல்ல. டீசல் பம்ப். எஞ்சினுக்கு அடுத்து வெல கூடுன சாமான் இதுதான். இத நீங்க அடிச்சு ஒடச்சிருக்கீங்க. வெளியில இருந்து பட்ட அடிக்கெல்லாம் வாரண்டி கிடையாது. மாத்தணும்னா உங்க செலவு."

ஒச்சாண்டிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது முகமெல்லாம் சூடானது. "நின்னதுனாலதான சார் தட்டுனேன்? தட்டுனதுனாலயா நின்னுச்சு? மொத நாளு நிக்கிறதுக்கு முன்னால நான் அதத் தொட்டதுகூடக் கெடையாதே. பொம்பளப்பிள்ளைகளோட பள்ளத்துல விழுந்திருப்போம் சார்!"

"அதுக்கு ப்ரூப் இல்லையே. ஸ்கேனர்ல எதுவுமே வரல."

மொக்கம்மாள் கதவோரம் நின்ற ஜாஸ்பரைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு. ஒவ்வொரு தடவையும் நீதான தொறந்து பாத்த? இந்த அடியெல்லாம் ஒங்கண்ணுல படாமயா இருந்திருக்கும்? அன்னைக்கே தட்டக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இவுக தட்டியிருப்பாகளா? இதே மாதிரி நிக்கிதுன்னு வேற வண்டி வரலயா? அத மட்டுமாவது சொல்லிரு."

ஜாஸ்பர் மேனேஜரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லக்கா," என்றான். காது மடல் சிவந்திருந்தது. கோழைப்பயல். வயிற்றுப்பாட்டுக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கோழைப்பயல்.

ஆதித்தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அண்ணே, நான் ஓப்பனாவே சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இது மாடு இல்ல, அடிச்சு ஓட்ட. உங்களுக்கெல்லாம் அந்தப் பழைய ஜீப்தான் லாயக்கு."

ஒச்சாண்டி எழுந்தான். மேனேஜரின் காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடம் அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஒரு அடி விழுந்தால் ஆள் நாற்காலியோடு சரிவான். தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி மேஜையில் மோதினால் மேஜை உடையுமா, மண்டை உடையுமா என்றுகூட அவன் கை கணக்குப் போட்டது. நெஞ்சுக்குள் பழைய ஒச்சாண்டி கயிற்றை அறுத்துக்கொண்டு நின்றான்.

"மாமா," என்றாள் மொக்கம்மாள்.

அவன் அப்படியே திரும்பினான். கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பின்பக்கம் சர்வீஸ் முற்றத்தில், நன்றாகக் கழுவித் துடைத்து, வெயிலில் மின்னிக்கொண்டு அவன் கார் நின்றது. பக்கத்தில் ஒரு மேடையில் பெரிய சுத்தியல் கிடந்தது.

முன்கண்ணாடியின் மேற்பக்கம் வெள்ளை எழுத்தில் மொக்கம்மாள் என்று எழுதியிருந்தது. கார் எடுத்த அன்றைக்கு, கம்பத்தில் ஸ்டிக்கர் கடைக்காரனிடம் அவனே நின்று எழுதி வாங்கியது. முதல் அடி அந்தப் பெயரின்மேல்தான் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி உள்ளே தொங்கியது. அடுத்த அடியில் பெயர் இல்லாமல் போனது. "ஓடுவியாடீ? ஓடுவியாடீ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். விளக்குகள் சிதறின. கதவு உள்வாங்கியது. பானெட்டின்மேல் ஏறி நின்று அடித்தான், தகரம் காலுக்குக் கீழே குழிந்தது. கண்ணாடித் துணுக்கு தெறித்துப் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு அடித்தான். வாட்ச்மேன் ஓடிவந்து எட்டவே நின்றுவிட்டார். மெக்கானிக் பையன்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஆதித்தன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. ஜாஸ்பர் மட்டும் முற்றத்தில் நின்று, "அண்ணே வேணாம்ணே, வேணாம்ணே," என்று அழுதுகொண்டிருந்தான். ஒச்சாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தான், கையில் சுத்தியல் இருந்தது. ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொண்டான். ஒச்சாண்டி அவனை விட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போனான்.

கை ஓய்ந்தபோது காரில் முழுசாக இருந்தது டயர் மட்டும்தான். சுத்தியலைக் கீழே போட்டான். மூச்சு இரைத்தது. முகமெல்லாம் ரத்தமும் வேர்வையும். ஆனால் மனசுக்குள் அவனுக்கு ஒரு பெருமை பொங்கியது. இத்தனை பேர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார்கள். இத்தனை அவமானம் பட்டிருக்கிறான். ஒருவன் மேலும் ஒரு நகம் படவில்லை. சொன்ன சொல் சொன்னபடி நின்றிருக்கிறது. இதை அவள் பார்த்திருக்கவேண்டும் என்று தேடினான்.

"மொக்கம்மா! பாத்தேல்ல? ஒருத்தன் மேலயும் கை வைக்கல. பாத்தேல்லடி?"

அவன் பின்னாலேயே வெளியே வந்திருந்த மொக்கம்மாள், சுவரோரம் பழைய டயர் அடுக்குக்குப் பக்கத்தில் இருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை. அவள் பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஆனாலும் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. ஒச்சாண்டிக்கு அந்த உட்காரல் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அடுப்படி மூலையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால், அவள் அப்படித்தான் உட்காருவாள்.

அவன் பக்கத்தில் போனான். சத்தம் ஓய்ந்தது தெரிந்து அவள் மெல்ல எழுந்தாள். தலைமுடியில் கண்ணாடித் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது, அதை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினான். அவ்வளவுதான். அவள் முழங்கை தானாக மேலே வந்து முகத்தை மறைத்துக்கொண்டது. கோணலாகக் கூடிய மணிக்கட்டு அவன் கண்ணுக்கு நேராக நின்றது.

"நான் ஒன்னத் தொடக்கூட இல்லயே மொக்கம்மா," என்றான்.

"தொடல மாமா," என்றாள் அவள். கையை இறக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவன் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பான். "நீ சொன்ன சொல்லுப்படி நடந்துக்கிட்ட. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஆளு மேல கை வைக்காதன்னு கேட்டேன். வேற எதையோ கேட்டிருக்கணும், எனக்குக் கேக்கத் தெரியல."

சேலையை உதறினாள். கண்ணாடித் தூள் சிமெண்டுத் தரையில் உதிர்ந்தது. கழன்று கிடந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். அவனைத் தாண்டி, உடைந்த காரைத் தாண்டி, வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணே, ஆண்டிபட்டி பஸ்ஸு ரோட்டுக்கு இந்தப் பக்கமா நிக்கும், அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம் போகணும் ஆத்தா. அங்கன வேப்பமரத்துக்கிட்ட நில்லு."

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் மொக்கம்மாள் வேகமாகக் கடந்து போனாள். ஒச்சாண்டி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.